இரட்டை வட்டுகளில் பகிர்வு அட்டவணை பழுதானால்

ஃப்ரீபிஎஸ்டி கணினியில், ஜிமிரர் துணைகொண்டு இரு வட்டுகளில் ஒரே தரவைப் பிரதி செய்து காப்போர், அட்டவணை பழுது என்னும் அறிவிப்பைக் கண்டதும் பதறிவிடாமல், பின்வரும் விஷயங்களை மனத்திற்கொள்வது நலம்.

• காரணம்: ஜிபிடி எனும் பகிர்வு அட்டவணையின் மூலப் பிரதி வட்டின் ஆரம்பத்திலும், அதன் மாற்றுப் பிரதியின் தலைப்பு கடைசி செக்டரிலும் அமைய, ஜிமிரரும் தன் குறிப்பை (மெட்டாடேட்டாவை) அக்கடைசி செக்டரிலேயே எழுதுவதால், முழு வட்டுகளை இணைக்கும்போது ஒன்றை மற்றொன்று அழித்துவிட நேர்கிறது.

• முன்ஜாக்கிரதை: எதையும் திருத்துமுன் தரவை வேறொரு சாதனத்தில் பத்திரப்படுத்தி, பகிர்வுக் கருவியான ஜிபார்ட்டின் ‘ஜிபார்ட் பேக்கப்’ கட்டளை தரும் அட்டவணையையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்க.

• அபாயம்: முழு வட்டுகளும் இணைந்திருக்கையில், தனி வட்டொன்றின்மீது ‘ஜிபார்ட் ரெக்கவர்’ கட்டளையை ஏவினால், அது கடைசி செக்டரில் ஜிபிடி தலைப்பை எழுதி ஜிமிரரின் குறிப்பை நாசமாக்கிவிடும்.

• நிரந்தரப் பரிகாரம்: வட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே பகிர்ந்து, அப்பகிர்வுகளை மாத்திரம் ஜிமிரரால் இணைப்பதே உத்தமம், அப்போது குறிப்பு அந்தந்தப் பகிர்வின் இறுதியில் அமைவதால் அட்டவணைக்குப் பங்கமில்லை.

• புது வட்டு: பழைய வட்டினும் அளவிற் குறையாத புது வட்டுக்கு, நல்ல வட்டின் அட்டவணையை ‘ஜிபார்ட் ரெஸ்டோர்’ மூலம் மாற்றுகையில், எது நல்லது, எது புதிது என்பதை இருமுறை பரிசோதியுங்கள், கணினியைத் துவக்கும் பூட் நிரல் இதில் சேராதாகையால், அதைத் தனியே எழுத மறவாதீர்கள்.