எஃப்.சி. காகிதத்தைப் படிப்போம்

பழைய வேனோ வாடகைக் காரோ வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்க்கிறார்கள். பிறகு டயரைப் பார்க்கிறார்கள். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள். "எஃப்.சி. இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "இருக்கிறது" என்று பதில் வந்ததும் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால் மட்டும் போதாது. அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டும்.

எஃப்.சி. என்பது தகுதிச் சான்று. சாலையில் ஓடத் தகுதியான வண்டி என்பதற்கு அது அத்தாட்சி. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகளுக்கு இது கட்டாயம். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. புது வண்டிக்கு முதல் 2 ஆண்டுகள் சோதனை இல்லை. பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை. 8 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை. இந்த முறை 2018 நவம்பரில் வந்தது.

சொந்தக் காரின் கதை வேறு. அதன் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை எஃப்.சி. சோதனை கிடையாது. பத்து வயதான சொந்தக் காரைக் காட்டி, "எஃப்.சி. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். அந்தக் காரை இதுவரை எந்த ஆய்வாளரும் சோதிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

சோதனையில் எதைப் பார்க்கிறார்கள்? பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், ஹாரன், கண்ணாடி, வைப்பர், சைலன்சர், புகை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கியர் பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும், கிளட்ச் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதைத்தான் சான்று சொல்லும். சிலர் அந்த ஒரு நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக் காட்டுவதும் உண்டு. மறுநாள் பழைய டயர் திரும்பி வந்துவிடும்.

அப்படியானால் எஃப்.சி.யால் என்ன பயன்? ஒரு காகிதத்தால் பயன் குறைவுதான். எல்லாக் காகிதங்களையும் வரிசையாக வைத்தால் பயன் உண்டு.

ஒரு காய்கறி வியாபாரியும் அவர் மனைவியும் 2025 பிப்ரவரியில் பழைய சரக்கு வேன் ஒன்றைப் பார்க்கப் போனார்கள். நகையை அடகு வைத்த பணம் கையில் இருந்தது. வேன் பளபளவென்று இருந்தது. "எஃப்.சி. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் தரகர். கணவருக்கு ஆசை வந்துவிட்டது. மனைவி அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். "பழைய எஃப்.சி. காகிதம் எல்லாத்தையும் கொடுங்கண்ணே" என்று கேட்டார்.

தரகர் வேண்டாவெறுப்பாக ஒரு பையை நீட்டினார். அந்த அம்மாள் தேதிகளை ஒரு தாளில் எழுதினார்.

பதிவான நாள் 10.6.2019. முதல் 2 ஆண்டு முடிந்த நாள் 9.6.2021. அடுத்த சோதனை 18.10.2021. அந்தச் சான்று முடிந்த நாள் 17.10.2023. அடுத்த சோதனை 14.8.2024.

2021 இல் 4 மாதம் இடைவெளி இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1 முதல் காலாவதியான வண்டிக் காகிதங்கள் 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. ஆனால் 2023 அக்டோபர் முதல் 2024 ஆகஸ்டு வரை 10 மாத இடைவெளி ஏன்?

"ஓனருக்கு உடம்பு சரியில்லம்மா. வண்டி சும்மா நின்னுச்சு" என்றார் தரகர்.

அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. இன்சூரன்ஸ் காகிதங்களைக் கேட்டு வாங்கினார். இழப்பீடு கேட்காத வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. அதற்கு 'நோ கிளெய்ம் போனஸ்' என்று பெயர். 2022 ஜூன், 2023 ஜூன் காகிதங்களில் அந்தத் தள்ளுபடி இருந்தது. 2024 ஜூன் காகிதத்தில் பூஜ்யம் என்று இருந்தது. வண்டி கைமாறினாலும் தள்ளுபடி போய்விடும். இந்த வண்டி கைமாறவில்லை. ஆகவே 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் இடையில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சேஸில் வெல்டு வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. மேற்கொண்டு விலை பேசாமல் இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். மெக்கானிக்குக் கொடுத்த கூலி வீண் செலவு அல்ல.

இடைவெளி இருந்தாலே வண்டி மோசம் என்று முடிவு கட்டக் கூடாது. அது ஒரு கேள்வி. பதில் வேறு காகிதத்தில் இருக்கும், அல்லது வண்டிக்கு அடியில் இருக்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காகிதம் இந்த வண்டியுடையதுதானா? சேஸ் நம்பரில் எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும். ஆர்.சி.யில் உள்ளதையும் வண்டியில் பொறித்திருப்பதையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். கடைசி நாலு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. நம்பரைச் சுற்றி ராவிய தடம் இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால், சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்று தெரியும். கையிலுள்ள காகிதத்தில் வேறு தேதி இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பயிற்சி: ஒரு வாடகைக் கார் 5.1.2019 இல் பதிவானது. முதல் 2 ஆண்டு 4.1.2021 இல் முடிந்தது. அடுத்த சோதனை 20.9.2021. அந்தச் சான்று 19.9.2023 வரை. அதற்கடுத்த சோதனை 18.12.2023. இதில் எத்தனை இடைவெளிகள் உள்ளன? எந்த இடைவெளியைப் பற்றி உரிமையாளரிடம் கேட்பீர்கள்? அவர் சொல்லும் பதிலைச் சரிபார்க்க எந்தக் காகிதத்தைக் கேட்பீர்கள்?