முதல் தலைமுறை மாணவருக்குத் துணைநிற்றல்

வழிகாட்டி என்றதும் அறிவுரை கூறுபவரே நினைவுக்கு வந்தாலும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்குத் துணைநிற்கும் தன்னார்வலர், தம் பணியில் பெரும்பகுதி சான்றிதழ்களும் கடைசித் தேதிகளுமே என்பதை முதல் ஆண்டிலேயே உணர்ந்துவிடுகிறார்.

தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று என்பது, குடும்பத்தில் அதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்று வருவாய்த் துறை வழங்கும் ஆவணம். மதிப்பெண் தரவரிசைப்படி மாணவரே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் சேர்வோருக்கு அது கல்விக் கட்டணச் சலுகையைப் பெற்றுத்தருகிறது. கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குத் தந்தை கடன் வாங்கி முன்பணம் கட்டிய பிறகு இதை எடுத்துச் சொல்வதில் பயனில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும், பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டதாதலால், இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாறியதுண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டறிவது நலம்.

கேட்டறிவதற்கு உரிய இடம் மாணவரின் வீடு. உரிய நேரம், பெற்றோர் வேலை முடிந்து திரும்பிய மாலைப்பொழுது. மகளை விடுதியில் விடத் தயங்கும் தாயின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குபவர் (படித்தவர்களிடம் இந்தக் குறை மிகுதி) மறுமுறை அவ்வீட்டில் வரவேற்கப்படுவதில்லை. அவ்விடுதியைத் தாயே நேரில் பார்க்க ஏற்பாடு செய்பவருக்கு வாதாட வேண்டிய தேவையே எழுவதில்லை.

சேர்க்கையோடு பணி முடிந்ததாகக் கருதுவது பெரும் பிழை. தமிழ்வழியில் பயின்றவர் ஆங்கிலவழி வகுப்பில் அமரும் முதல் பருவத்திலேயே அரியர், அதாவது தேர்ச்சி பெறாமல் மீண்டும் எழுத வேண்டிய தாள், சேரத் தொடங்குகிறது; மாணவர் அதைச் சொல்ல வெட்கி, தொலைபேசியை எடுக்காமல் இருந்துவிடுகிறார். இத்தகைய மௌனத்தை நன்றிகெட்டதனமாகக் கொள்ளாமல் உதவிக்கான அழைப்பாகக் கொள்ளும் பக்குவம் பாடநூல் அறிவைவிட இன்றியமையாதது. சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். கொடுத்த நாள் முதல் மாணவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் பெரும்பாலும் மே மாதத்தில் வெளியாகி, விண்ணப்பங்களும் அதையொட்டியே தொடங்கிவிடுவதால், இப்பணிக்கு வர விரும்புவோர் பொங்கல் முடிந்ததுமே தம் தெருவிலுள்ள ஒரு மாணவரின் வீட்டுக்குச் சென்று, எந்தெந்தச் சான்றுகள் கைவசம் உள்ளன என்று பார்த்துவிடுவது நல்லது.