கிராமத்தில் கைபேசிக் கோபுரம்: பஞ்சாயத்தின் அதிகாரமும் கடமையும்

கிராம அபிவிருத்தி என்றால் சாலை, குடிநீர்க் கிணறு, பள்ளிக்கூடம், மின்விளக்கு என்று நாம் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வரிசையில் கைபேசிக் கோபுரமும் சேர்ந்துவிட்டது. நம் நாட்டில் முதல் கைபேசி அழைப்பு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி நிகழ்ந்தது. அன்று செல்வர் சிலரின் கருவியாயிருந்த அது, இன்று நெல் விலை விசாரிக்கவும், வங்கிப் பணம் அனுப்பவும், கடலுக்குச் செல்வோருக்குப் புயல் எச்சரிக்கை சொல்லவும் பயன்படுகிறது. ஆகவே, கோபுரம் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று இன்றைய கேள்வி. அது எங்கே அமைய வேண்டும், எவ்விதம் அமைய வேண்டும், யார் பொறுப்பில் நிற்க வேண்டும் என்பதே கேள்வி. இவ்விஷயத்தில் தனக்குள்ள அதிகாரத்தின் எல்லையை அறியாத பஞ்சாயத்து, தன்னால் இயலாததைச் செய்ய முயன்று, இயன்றதைச் செய்யாமல் விட்டுவிடும்.

அதிகாரம் யாருடையது?

தொலைத்தொடர்பு, அரசியலமைப்பின்படி மத்திய சர்க்காரின் துறையாகும். நிலமும், கட்டட ஒழுங்கும், ஸ்தல ஸ்தாபனங்களும் மாநிலத்தைச் சார்ந்தவை. கோபுரமோ இரண்டையும் தொட்டு நிற்கிறது. அதன் அலைகள் மத்திய சர்க்காரின் விதிகளுக்கும், அதன் அஸ்திவாரம் ஊரின் விதிகளுக்கும் உட்பட்டவை. பெரும்பாலான சச்சரவுகள் இந்த இரட்டை நிலையிலிருந்தே பிறக்கின்றன.

1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ், 2016 நவம்பரில் மத்திய சர்க்கார் வழியுரிமை விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, பொது நிலத்தில் கோபுரம் நிறுவ விண்ணப்பம் வந்தால், அதற்குரிய அதிகாரி 60 நாட்களுக்குள் முடிவு கூறவேண்டும். மறுப்பதாயின் விண்ணப்பதாரரின் வாதத்தைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஒன்றும் கூறாமலிருந்தால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கருதப்படும். பழைய சட்டத்தின் இடத்தில் 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் வகுக்கப்பட்ட புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. காலக்கெடு கடந்தால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளும் கொள்கை அவற்றிலும் தொடர்கிறது.

இதன் பொருள் யாது? விண்ணப்பத்தைக் கோப்பில் கட்டி வைத்தால் கோபுரம் நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. பஞ்சாயத்தின் மௌனம் சட்டத்தின் கண்ணில் சம்மதமாகும்.

தனியார் நிலத்தைப் பொறுத்தவரை ஸ்தல அதிகாரம் இன்னும் குறுகியது. 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தனியார் இடத்தில் கோபுரம் அமைக்கப் பொது அதிகாரியின் அனுமதி தேவையில்லை. ஆயினும், தனியார் கட்டடத்தின்மேல் அமைப்பதாயின், வேலை தொடங்குமுன் எழுத்து மூலம் அறிவித்து, கட்டடம் பாரத்தைத் தாங்கும் என்று அமைப்புப் பொறியாளர் அளித்த சான்றினையும் இணைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்தச் சான்றினைக் கேட்டு வாங்கி வைப்பது சிறிய வேலையாகத் தோன்றலாம். புயற்காற்று வீசும் நாளில் அதுவே பெரிய வேலையாகும்.

நோணாங்குப்பத்தை உதாரணமாகக் கொள்வோம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், சுண்ணாம்பாற்றின் கரையில் உள்ளது நோணாங்குப்பம். படகுத்துறையை நாடி வெளியூரார் வருவதால் ஊரின் பெயர் தொலைவிலும் தெரிந்திருக்கிறது. இவ்வூர் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு ஆட்சியில் 1880-இல் ஏற்பட்ட கொம்யூன் அமைப்பு, 1954-இல் ஆட்சி மாறிய பின்னரும் பெயரளவில் நிலைத்து, 1973-ஆம் ஆண்டின் கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் புதுவடிவம் பெற்றது.

இவ்வூரில் ஒரு கம்பெனி கோபுரத்துக்கு இடம் தேடுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மூவகை இடங்கள் கண்ணில் படும்: ஆற்றங்கரை, வீட்டு மாடி, விவசாய நிலம். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

ஆற்றங்கரையை முதலில் கவனிப்போம். சுண்ணாம்பாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் ஓதநீர் ஏறி இறங்கும் ஆறாகும். ஆகவே அதன் கரை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குட்பட்டது. இவ்விதிகள் முதன்முதலில் 1991-இல் வந்தன. 2011-ஆம் ஆண்டின் அறிவிக்கை, ஓதம் பாயும் ஆற்றின் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுள்ள நிலத்தை மண்டலமாக்கியது. 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கை 100 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. எனினும், அந்தந்தப் பகுதியின் கடற்கரை மண்டல வரைபடம் அங்கீகாரம் பெற்ற பிறகே அது அங்கே செல்லும். ஆதலால் கரையோரத்தில் ஒருவர் அளவுக்கயிறு பிடிக்கும்போது, பஞ்சாயத்து கேட்கவேண்டிய முதற்கேள்வி, “இவ்விடம் வரைபடத்தில் எந்த மண்டலத்தில் உள்ளது?” என்பதே.

அடுத்தது வீட்டு மாடி. பாரத்தைத் தாங்கும் சான்று இங்கே உயிர்நாடி. இப்பகுதி புயலுக்குப் புதியதன்று. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் இறுதியில் வந்த ‘ஃபெஞ்சல்’ புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காற்றுக்குத் தாங்காத கோபுரம் அண்டை வீட்டுக்கு ஆபத்து. தாங்கி நின்றாலும், தாழ்வான இடத்தில் வைத்த மின்கலமும் ஜெனரேட்டரும் வெள்ளத்தில் மூழ்கினால், உதவி தேவைப்படும் வேளையிலேயே கைபேசி ஊமையாகிவிடும். ஆகவே காற்றின் வலிமைக்கேற்ற அமைப்பையும், வெள்ள மட்டத்துக்கு மேலான மேடையையும் கேட்பது ஊரின் நியாயமான உரிமை.

மூன்றாவதாகிய விவசாய நிலத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம்

கோபுரம் வருகிறது என்றதும் ஊரில் எழும் முதற்குரல் நோய் பற்றியதாகும். அச்சத்தை ஏளனம் செய்வதும் தவறு. ஆராயாமல் வளர்ப்பதும் தவறு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2011-இல் வானொலி அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் ஐயத்துக்குரிய பிரிவில் சேர்த்தது. உண்டாக்கும் என்று நிறுவப்பட்டதாக அது கூறவில்லை. நம் மத்திய சர்க்கார் 2012 செப்டம்பர் 1 முதல், சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கையே கோபுரங்களுக்கு வரம்பாக விதித்தது. தொலைவு இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். மேலும், அலைக்கற்றை விளக்குமாடத்தின் ஒளியைப் போல் முன்னோக்கிப் பாய்வதால், கோபுரத்தின் அடியைவிட, ஆன்டெனாவுக்கு நேரெதிரே அதே உயரத்தில் உள்ள மாடியே கவனிக்கத்தக்கது.

அளவு மீறுகிறதா என்று சோதிப்பது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வேலை. 2017-இல் அத்துறை ‘தரங் சஞ்சார்’ என்னும் இணைய வசதியைத் தொடங்கியது. ஐயமுள்ளவர் அதன் வழியே கட்டணம் செலுத்தி அளவெடுக்கச் செய்யலாம். அளவெடுத்த தாள் ஒன்று, நூறு வதந்திகளை விட மேலானது.

பிற நாடுகளும் ஏறக்குறைய இவ்வழியையே மேற்கொண்டுள்ளன. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் சட்டம், கோபுரத்தின் இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்கு விட்டது. ஆனால் வரம்புக்குட்பட்ட அலைகளைக் காரணம் காட்டி மறுப்பதைத் தடுத்தது. பிரான்சில் 2011-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம், அலைகளை ஒழுங்குபடுத்துவது மேயரின் வேலையன்று என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2015-இல் வந்த சட்டம், கோபுரம் பற்றிய விவரக் கோப்பினை மேயரிடம் முன்கூட்டியே தரவேண்டும் என்றது. அலையை அளப்பது நாட்டின் வேலை. இடத்தைக் கவனிப்பதும் மக்களுக்கு விவரம் அறிவிப்பதும் ஊரின் வேலை என்பதே இவற்றின் சாரம்.

குடியானவர் கவனத்துக்கு

கோபுர வாடகை, மழையை நம்பி வாழும் குடும்பத்துக்கு நிலையான வருவாய்தான். அந்த ஆசையை அறிந்தே மோசக்காரர்கள் வலை விரிக்கிறார்கள். “உங்கள் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது, பெருந்தொகை முன்பணம் வரும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்” என்று கடிதமோ அழைப்போ வந்தால் அது மோசடி என்றே கொள்க. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய ‘டிராய்’, கோபுரத்துக்காக யாருக்கும் சான்று வழங்குவதில்லை, பணமும் கேட்பதில்லை. உண்மையான கம்பெனி நிலச் சொந்தக்காரருக்குப் பணம் தருமே தவிர, அவரிடம் வாங்காது. ஏமாந்தவர் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும்.

உண்மையான ஒப்பந்தமாயினும் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை, 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். வாடகை எத்தனை ஆண்டுக்கொருமுறை எவ்வளவு உயரும், வயலின் நடுவே வழி எவ்வளவு அகலம், மின்கட்டணம் யாருடையது, கம்பெனி கைமாறினால் வாடகைக்கு யார் பொறுப்பு, ஒப்பந்தம் முடிந்தபின் இரும்பையும் கான்கிரீட்டையும் அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்கு யார் கொண்டுவருவது ஆகிய ஐந்தும் தாளில் இருக்கவேண்டும். வாய்ச்சொல் வாய்க்கால் நீர், ஓடிவிடும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. விண்ணப்பமோ அறிவிப்போ வந்த தேதியைப் பதிவேட்டில் குறித்து, கெடு முடியும் நாளை அருகிலேயே எழுதி வைத்தல்.

2. நிலத்தின் உரிமையை விசாரித்தல். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கை எக்காரணத்துக்கும் விட்டுக்கொடாதிருத்தல்.

3. கரையோரமாயின் கடற்கரை மண்டல அனுமதியையும், உயரத்தைப் பொறுத்து விமானத் துறையின் இசைவையும் கேட்டல். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதை மறத்தலாகாது.

4. ஜெனரேட்டரின் ஓசையைக் கவனித்தல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி விதிகள் வகுத்த வரம்பு.

5. வரி விதிக்குமுன் சட்ட ஆலோசனை பெறுதல். கோபுரத்துக்குச் சொத்துவரி விதிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் சட்டமோ, தொலைத்தொடர்பு அமைப்பினை அது நிற்கும் சொத்தின் பகுதியாகக் கருதலாகாது என்கிறது.

6. ஆட்சேபம் இருப்பின், இன்ன விதி, இன்ன அளவு, இன்ன குறை என்று காரணங்காட்டி எழுதுதல்.

கோபுரம் வானத்தை நோக்கி உயர்ந்தாலும், அதன் கால்கள் நம் மண்ணிலேயே ஊன்றியுள்ளன. அந்தக் கால்கள் ஊன்றும் இடத்தைப் பற்றிக் கேட்கவேண்டியதை, கேட்கவேண்டிய நாளில், எழுத்தில் கேட்கும் பஞ்சாயத்தே தன் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்துகிற பஞ்சாயத்தாகும். நம் ஊர்களில் அத்தகைய விழிப்பு ஓங்குவதாக.