தரை தரும் வெதுவெதுப்பு

நமக்கு வீடு என்பது வெயிலுக்கு நிழல். கொரிய நாட்டு மக்களுக்கோ அது குளிருக்கு அரண். ஜனவரி மாதத்தில் சியோல் நகரின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே போய்விடும். நம்மைப் போலவே தரையில் அமர்ந்து உண்டு, தரையிலே படுத்துறங்கும் வழக்கமுடைய அம்மக்கள் இக்கடுங்குளிரை எவ்வாறு வென்றனர்? தரையையே சூடாக்கி வென்றனர்! அம்முறைக்கு 'ஒண்டோல்' என்பது பெயர்.

அமைப்பு

அக்கால வீடுகளில் சமையலறை அடுப்பு, அடுத்த அறையின் தரையைவிடத் தாழ்வாக இருக்கும். அடுப்பின் அனலும் புகையும் அவ்வறையின் தரைக்கடியிலுள்ள கால்வாய் போன்ற வழிகளில் ஓடி, மறுகோடியிலுள்ள புகைபோக்கியால் வெளியேறும். அவ்வழிகளின்மேல் கற்பலகைகளைப் பரப்பிக் களிமண் பூசி, எண்ணெய் ஊட்டிய கெட்டித்தாளை ஒட்டுவர். சோறு சமைத்த நெருப்பே அறையையும் சூடாக்கிவிடும். அடுப்பு அணைந்த பின்னும் கற்கள் நெடுநேரம் வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கும். அடுப்பை ஒட்டிய மிகச் சூடான இடத்தை முதியோருக்கும் விருந்தினருக்கும் அளிப்பது அவர்களது பண்பாடு.

உரோமானியரும் தரையைச் செங்கல் தூண்கள்மீது உயர்த்தி, அதனடியில் அனலைச் செலுத்திக் குளியல் மண்டபங்களைச் சூடாக்கினர்.

அறிவியல் விளக்கம்

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீசல் என மூவகையில் பரவும் என்று படித்திருக்கிறோம். அறையின் ஒரு மூலையில் கணப்பு வைத்தால், சூடான காற்று இலேசாகி மேலே சென்றுவிடும். தலைக்குமேல் வெப்பம், காலடியில் குளிர்! தரை சூடானால் பாதம் கடத்தலாலும், உடலும் சுவர்களும் கதிர்வீசலாலும் வெப்பம் பெறும். கோடைப் பகலெல்லாம் காய்ந்த நம் மொட்டைமாடி இரவிலும் சுடுகிறதல்லவா? அதே தத்துவந்தான்.

நன்மைகள்

இக்காலத்தில் நெருப்புக்குப் பதிலாகத் தரைக்கடியில் குழாய்களைப் பதித்து, வெந்நீரைச் சுற்றி ஓடவிடுகின்றனர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், 1937இல் மாடிசன் நகரில் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் இல்லத்தில் தரைக்கடியில் குழாய் அமைத்தே வெப்பமூட்டினார். பரப்பு முழுவதும் வெப்பம் தருவதால் ஏறத்தாழ 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரே போதும். எனவே எரிபொருள் மிச்சமாகும். தரையின் சூடு பொதுவாக 29 டிகிரியைத் தாண்டாதவாறு வைக்கப்படுவதால், தவழும் குழந்தைக்கும் அச்சமில்லை. அறையில் இடமும் அடைபடாது. ஆயினும் தரை சூடேற நேரமாகும். குழாய் பழுதானால் தரையைப் பெயர்க்கவும் நேரலாம்.

நெருப்பின் மறுமுகம்

1950-53 கொரியப் போருக்குப்பின் விறகு அரிதானதால், துளைகளிட்ட நிலக்கரி வில்லைகளை ஒண்டோலில் எரித்தனர். அவை முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு எழும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தரையின் சிறு வெடிப்பு வழியாக அது அறைக்குள் கசிந்தது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும் நச்சு அது. இரவில் குடும்பத்தோடு உறங்கியவர் பலர் காலையில் எழவேயில்லை. பல ஆண்டுகள் குளிர்காலந்தோறும் இத்துயரம் தொடர்ந்தது. வெந்நீர்க் குழாய்கள் பரவி, நிலக்கரி வீட்டை விட்டு நீங்கிய பின்னரே அது தணிந்தது. அம்மக்கள் ஒண்டோலைக் கைவிடவில்லை; அதன் குறையைத்தான் களைந்தனர். 2018இல் தென்கொரிய அரசு ஒண்டோல் பண்பாட்டைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

தோழியரே, உதகையிலோ கொடைக்கானலிலோ குளிருக்கு அஞ்சி, கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு கரியடுப்பை அறைக்குள் வைப்போர் உண்டு. அங்கும் அதே நச்சுதான் எழுகிறது. படித்த நாம் இதனை வீட்டாருக்கு எடுத்துரைப்போம். வெப்பம் உள்ளே வரட்டும். புகை வெளியே போகட்டும்!