மருந்து இலவசம், அப்புறம் என்ன ஆராய்ச்சி?

கேள்வி: ஏழைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தானே? சமூகப்பணித் துறையினர் ‘ஆரோக்கியத்தில் சமத்துவம்’ என்று எதை ஆராய்கிறார்கள்? என் மகள் அதைப் படிக்கப்போகிறாளாம்.
– ஒரு வாசகி, செல்லிப்பட்டு

பதில்: மாத்திரை இலவசம்தான், அன்றைய கூலியை யார் தருவார்? உங்கள் ஊரில் நடவுக்குப் போகும் பெண் சர்க்கரை மாத்திரைக்காக பஸ் ஏறி, கோரிமேட்டு அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றால் ஒருநாள் பிழைப்பு போச்சு. அடுத்த மாதம் வீட்டிலேயே இருந்துவிடுவார். டாக்டர் தன்னிடம் வந்தவரைத்தான் பார்க்க முடியும். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று தெருத்தெருவாகப் போய்க் கேட்பது இந்த ஆய்வாளர் வேலை.

பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் உண்டு. ஆனாலும் 1967இல் லண்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய ஆய்வில், உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் சுமார் 3 மடங்கு இருந்தது. அதை ஆராய்ந்த மைக்கேல் மார்மட் தலைமையில், உலக சுகாதார நிறுவனக் குழு 2008இல் சொன்னதும் இதுதான்: வருமானம், வேலை, வீடு, படிப்பு எல்லாம் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலேயே சமூகப்பணித் துறை இருக்கிறது. தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.