குடும்பத்தார் என்று எழுதாதே

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான மருமகனுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது.  

ஆச்சியின் 90 வயது நிறைவுக்கு நீ செய்கிற ஏற்பாட்டை அண்ணன் சொன்னார். விழா மலருக்கு நீ எழுதிய பக்கங்களையும் கொடுத்துவிட்டுப் போனார். சந்தோஷம். இவ்வளவு வேலைக்கு நடுவில் ஆச்சியை நினைக்கிற பேரன் எத்தனை வீட்டில் இருக்கிறான்? போனில் பேசினால் “சரி அத்தை, சரி அத்தை” என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

மண்டபமா, ஊர்க் கோயிலா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் நல்லதுதான். உன் இஷ்டம். மண்டபம் என்றால் ஏசி உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு, உன் ஆபீஸ்காரர்கள் வந்துபோக வசதி. ஆச்சிக்குப் பட்டு கட்டி, மேடையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்து, வருகிறவர்கள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். யார் வந்தார், யார் போனார் என்று அவளுக்குத் தெரியாது. இடது காது கேட்பதில்லை. அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் வலது காதும் உதவாது. ஊர்க் கோயில் என்றால் அவள் வழக்கமாக உட்காருகிற தூணோரம், ஐயர் நடத்தும் ஸ்தோத்திர ஆராதனை, அது முடிந்ததும் ஊருக்கெல்லாம் அசனம். யோசித்து நீயே முடிவு பண்ணு. நான் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் மலரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பேராயர் வாழ்த்து, மிஷனெரிகள் வந்த வரலாறு, தாத்தா உபதேசியாராக இருந்த ஊர்கள் எல்லாம் போக ஆச்சிக்கு ஒரே ஒரு பக்கம். அதிலும் “ஜெப வீராங்கனை”, “விசுவாசத் தாய்”, “தியாகச் சுடர்”. இந்தப் பட்டங்களை எந்த வீட்டுக் கிழவிக்கும் போடலாம். கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல்லில் இதுதான் இருக்கிறது. அவள் என்ன செய்தாள் என்று ஒரு வரி கிடையாது.

கோயில் முகப்புக் கல் கதை உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பணமுடையால் கோயில் வேலை பாதியில் நின்றபோது கழுத்திலிருந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தது யார்? கல்லில் அப்பா பெயரும், கீழே “மற்றும் குடும்பத்தார்” என்றும் வெட்டினார்கள். அந்தக் குடும்பத்தார் வேறு யாருமில்லை, என் அம்மாதான், உன் ஆச்சி. பெண்பிள்ளை பெயரை வாசலில் எப்படிப் போடுவது என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அப்பாவும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே “கர்த்தருக்குத் தெரியும்” என்றாள். கர்த்தருக்குத் தெரியும், சரி. உன் மகனுக்கு எப்படித் தெரியும்?

நீ எழுதிய வரலாற்றிலும் அதே கதைதான். 1820-ல் வந்த ரேனியஸ் ஐயருக்கு ஒரு பக்கம் கொடுத்த நீ, குளோரிந்தாவை இரண்டு வரியில் முடித்துவிட்டாய். 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் முன்னால் இருப்பவள் அவள். ரேனியஸ் ஐயர் கால் வைப்பதற்கு 35 வருஷம் முன்னால், 1785-ல், ஸ்வார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த கோயிலைக் கட்டியவளும் அவள்தான். பிராமண விதவை என்பதால் ஜனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. கமிட்டி கைக்குப் போகாததால் பிழைத்த பெயர் அது.

கால்டுவெல் ஐயர் 1841-ல் இடையன்குடிக்கு வந்தார், 1856-ல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார், மெரினாவில் சிலை நிற்கிறது. எல்லாம் எழுதியிருக்கிறாய். நாகர்கோவில் மால்ட் ஐயர் மகள், 1844-ல் அவரைக் கட்டிக்கொண்டு அந்தப் பனங்காட்டுக்கு வந்த எலைசா அம்மா எங்கே? பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததும் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். மற்றவர்களுக்கு அது சரித்திரமாக இருக்கலாம். நம் வீட்டுக்கு அது சோறு.

ஆச்சி இடையன்குடிப் பக்கத்துப் பெண் அல்லவா? திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் பின்னுவாள். உபதேசியார் சம்பளத்தில் எங்கள் எல்லார் வயிறும் நிறையாது. உன் அப்பா செயின்ட் ஜான்ஸ் காலேஜில் படித்த ஃபீஸ் அந்தக் குச்சிகளிலிருந்துதான் வந்தது. “தாத்தா அரும்பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்” என்று நீ எழுதியிருக்கிறாய். அண்ணனையே கேட்டுப் பார்.

கைப்பிடி அரிசியும் அப்படித்தான். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து அடுப்படிக் கலயத்தில் போடுவாள். கஞ்சியாகக் காய்ச்சிப் பங்கு வைத்த நாளிலும் போட்டாள். நாங்கள் முறைத்துப் பார்ப்போம். கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். 1903-ல் இந்த ஊரில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்கள் நம் காசிலேயே போகட்டும் என்றார்கள். அப்படித்தான் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். நம் காசு என்றால் யார் காசு? கலயம் வைத்த பெண்களின் காசும் சேர்ந்ததுதானே? அசரியா அத்தியட்சர் நம் வெள்ளாளன்விளைக்காரர், 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர் என்று பெருமைப்படுகிறோம். அவர் பிறப்பதற்கு முன்னே பிள்ளைவரம் கேட்டு ஜெபித்த அவர் தாய் எலன் அம்மாளை யார் சொல்கிறார்கள்?

பவுல் சிறையில் இருந்துகொண்டு தீமோத்தேயுவுக்கு எழுதினார். அந்த நெருக்கடியிலும் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி எழுதினார். பட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. உனக்கும் அது போதும்.

நான் சொல்வது இவ்வளவுதான். விழாவுக்கு முன்னால் ஒருதரம் வா. மகனையும் கூட்டிக்கொண்டு வா. வலது காதுப் பக்கம் உட்கார்ந்து கேள். யாரிடம் எழுத்துப் படித்தாள், எந்தெந்த ஊரில் யார் யாருக்குப் பிரசவம் பார்த்தாள், 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது பள்ளிக்கூடப் பெண்ணாக அவள் என்ன கண்டாள், உபதேசியார் பெண்டாட்டி என்று எதையெல்லாம் விழுங்கினாள். உன் போனில் பதிவு பண்ணு. அவள் சொன்னபடியே மலரில் போடு. அட்டையில் அவள் முழுப் பெயரைப் போடு, தாத்தா பெயருக்குக் கீழே அல்ல.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை என்னைச் செத்துப்போன சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உடனே திருத்திக்கொண்டாள். வயசுதானே என்கிறார் டாக்டர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். கீர்த்தனையில் இன்னும் ஒரு சரணம் தப்புவதில்லை, மாத்திரை போட்டாளா என்பதுதான் மறந்துபோகிறது. உன் அப்பாவிடம் இதைச் சொல்லாதே, ராத்திரி தூங்கமாட்டார்.

   

அத்தை திட்டிவிட்டாள் என்று நினைக்காதே, ராசா. நீ கை வைத்தால் எதுவும் அழகாகத்தான் வரும். பஜனையில் ஊரே உன் குரலுக்குத்தானே காத்துக்கொண்டிருந்தது? ஆச்சி இன்றைக்கும் முதலில் விசாரிப்பது உன்னைத்தான், எனக்கே கொஞ்சம் பொறாமை. மண்டபமே ஆனாலும் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்காருவேன். நீ எடுத்துத் தந்த மயில்கழுத்துக் கலர் பட்டைக் கட்டிக்கொள்வேன், மேடையேறிப் போட்டோவுக்குச் சிரிக்கவும் செய்வேன். மலரும் நன்றாகத்தான் இருக்கிறது, படங்கள் ரொம்ப அழகு. முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கி வைத்திருக்கிறேன், அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
அத்தை

பி.கு.: மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தாலும் இந்த மாசக் கடைசிக்குள் சொன்னால் திருப்பித் தருவார்களாம். சும்மா விசாரித்தேன்.