கோல்பே கண்ட வாயு

ஒரு பொருளைக் கண்டவர், அதன் உண்மை இயல்பையும் அப்பொழுதே கண்டுவிட்டார் என்று கொள்ளுதல் பொருந்தாது. செருமனி நாட்டு வேதியியல் அறிஞர் எர்மன் கோல்பேயின் ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்றாகும்.

காடிக்குப் புளிப்பைத் தருவது அசெட்டிக் அமிலம். அதனுள் ‘மெத்தில்’ என்னும் உறுப்பு அடங்கியுள்ளது என்பது கோல்பேயின் கொள்கை. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்ததே மெத்தில். அதனைத் தனியே பிரித்துக் காட்ட அவர் பெரிதும் விழைந்தார். அதற்கு மின்சாரத்தைத் துணைக்கொண்டார்.

பொட்டாசியம் அசெட்டேட்டின் செறிந்த கரைசலில், எளிதில் அரிக்கப்படாத பிளாட்டினத்தை நேர்மின்வாயாக அமைத்து மின்னோட்டத்தைச் செலுத்தினார். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் எழுந்தது. நேர்மின்வாயிலோ கரியமில வாயுவும், எரியும் இயல்புடைய வேறொரு வாயுவும் வெளிவந்தன. அவ்வாயுவில் ஒரு கார்பனுக்கு மூன்று ஹைட்ரஜன் என்னும் விகிதம் இருந்தது. மெத்தில் அகப்பட்டது என்று கோல்பே மகிழ்ந்தார். 1849-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார்.

எனினும், இரண்டு கார்பனுக்கு ஆறு ஹைட்ரஜன் என்பதும் அதே விகிதமன்றோ? மெத்திலின் எடை 15. அவ்வாயுவின் மூலக்கூற்று எடையோ 30. எனவே, அஃது இரு மெத்தில்கள் இணைந்த பொருள் எனப் பின்வந்தோர் உணர்ந்தனர். அஃது ஈத்தேனே என்று 1864-இல் கார்ல் ஷோர்லெம்மர் தெளிவுறுத்தினார்.

நிகழ்ந்தது யாது? எலெக்ட்ரானை இழத்தலே ஆக்சிஜனேற்றம். இங்கு அனல் வேண்டுவதில்லை; ஆக்சிஜனை ஊட்டும் வேறு பொருளும் வேண்டுவதில்லை. அசெட்டேட் அயனியிலிருந்து நேர்மின்வாயே ஓர் எலெக்ட்ரானைக் கவர்ந்து கொள்கிறது. உடனே கரியமில வாயு பிரிந்து செல்ல, மெத்தில் எஞ்சுகிறது. தனித்து நெடிது நிற்கமாட்டாத அம்மெத்தில் மற்றொரு மெத்திலுடன் கூடி ஈத்தேன் ஆகிறது. எலெக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897-இல். கோல்பே 1884-இலேயே மறைந்தார். ஆதலின், இவ்விளக்கத்தை அவர் அறிந்திருத்தல் இயலாது.

கோல்பே குடுவையில் சேர்த்தது மெத்தில் அன்று. ஆயினும் அவர் தேடிய மெத்தில், பிளாட்டினத்தின் மேற்பரப்பில் கணப்பொழுது தோன்றியே மறைந்தது. அவர் சூட்டிய பெயர் பிழையாயிற்று. அவர் வகுத்த முறையோ, இரு கார்பன் தொடர்களை ஒன்றாக இணைக்கும் வழியாக, அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. செய்த சோதனையும் குறித்த அளவும் நேர்மையுடையனவாயின், கருத்தில் நேர்ந்த பிழையைப் பின்வருவோர் திருத்திக்கொள்வர். உழைப்பின் பயன் ஒருபோதும் வீணாவதில்லை.